ஏழாவது பலகை

மார்ச் 4, செவ்வாய்

ஆறாவது பலகை முடிந்தது. இன்னும் ஆறு. பன்னிரண்டையும் மேஜையில் சேர்த்து வைத்தால் குண்டு விழுந்து சிதைந்த ஒரு ஊர் வரவேண்டும். ஒவ்வொன்றும் ஓர் அடிக்கு ஓர் அடி. எதை எப்படித் திருப்பி வைத்தாலும் தெரு தெருவோடு சேரவேண்டும். அதன்மேல் கட்டைவிரல் உயரச் சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டி, வளர்ந்த ஆட்கள் நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள்.

பகலெல்லாம் பல் லேபில் யார் யார் வாய்க்கோ அச்சு ஊற்றுகிறேன். வீட்டுக்கு வந்தும் அதே பிளாஸ்டர்தான். இவர் பஸ் ஓட்டிவிட்டு வந்து ஷூவைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். "ஊர்ல எல்லாரும் வீடு கட்டுவாங்க. என் பொண்டாட்டி இடிஞ்ச வீடு கட்டுறா."

எங்கள் ஆட்டக் குழுவின் தலைவரை ஜெனரல் என்றுதான் கூப்பிடுவோம். நூலகத்தில் குமாஸ்தா. போனில் பாராட்டிவிட்டுக் கடைசியில் குத்தினார். "விரிசல் எல்லாம் மின்னல் மாதிரி இருக்கும்மா. நெசத்துல அப்படியா விடும்?"

சுருக்கென்றது. அவர் சொன்னது சரி. நான் நிஜ விரிசலை உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

மார்ச் 6, வியாழன்

கிடைத்துவிட்டது! எங்கெங்கோ தேடினேன், அது எங்கள் வீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. கீழே வண்டி நிறுத்தும் இடத்தில், படிக்கட்டை ஒட்டிய தூணில். முழங்கால் உயரத்தில் தொடங்கி, சாய்ந்து ஏறி, ஓர் இடத்தில் மடங்கி, மறுபடி ஏறுகிறது. சுண்ணாம்பு அங்கங்கே செதிலாகத் தூக்கிக்கொண்டிருக்கிறது. டிரேசிங் பேப்பரை ஒட்டி, அடிமுனை முதல் நுனி வரை அப்படியே பென்சிலால் எடுத்தேன்.

முதல் மாடித் தையல்கார அக்கா துணி மூட்டையோடு வந்தவர் நின்றுவிட்டார். "என்னடி, தூணுக்கு ஜாக்கெட் அளவெடுக்கிறியா?"

"ஆமாக்கா. கை வைக்கிறதா வேண்டாமான்னு யோசிச்சுட்டு இருக்கேன்."

ஏழாவது பலகை இந்தத் தூண்தான்.

மார்ச் 11, செவ்வாய்

லேபில் வேலை அதிகம். பலகையைத் தொடவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

எழுத உட்கார்ந்து அரை மணி ஆகிறது.

பலகையில் கட்டிடம் நின்றுவிட்டது. ஆறு தூண், மேலே மூன்று தளம், ஒரு பக்கம் சுவர் இல்லை. விரிசல் மடங்கும் இடம் மட்டும் மனதுக்குச் சரியாகப் படவில்லை. காலையில் டிரேசிங் பேப்பரை எடுத்துக்கொண்டு கீழே போனேன். பழைய இடத்திலேயே, தூணின் மூலையோடு மூலை சேர்த்து ஒட்டினேன்.

என் பென்சில் கோடு முடிகிறது. விரிசல் முடியவில்லை.

கோட்டின் நுனிக்கு மேலே நான்கு விரல் நீளம் போயிருக்கிறது. பேப்பரைத் தப்பாக ஒட்டிவிட்டேனோ? எடுத்து மறுபடி ஒட்டினேன். மறுபடி. மூன்று தடவையும் நான்கு விரல். பத்து நாளில்.

நான் நின்ற இடத்துக்கு மேலே மூன்று மாடி இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. ஓடிவந்து வெயிலில் நின்றேன்.

இவரிடம் சொன்னேன். வந்து பார்த்தார். "சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும். நீ பூதக்கண்ணாடி வச்சுப் பாக்குற ஆளு" என்றார். சொல்லிவிட்டுத் தூணை ஒரு தட்டு தட்டினார். அப்புறம் அவரும் வெயிலுக்கு வந்துவிட்டார்.

விரிசலின் குறுக்கே மூன்று இடத்தில் பல் பிளாஸ்டரை மெலிசாக அப்பி வைத்திருக்கிறேன். காய்ந்துவிட்டால் அது வளையாது. தூண் அசைந்தால் உடையும், அவ்வளவுதான்.

உடையக் கூடாது.

மார்ச் 17, திங்கள்

மூன்றும் உடைந்திருக்கின்றன.

வீட்டுக்காரர் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறார். பெரியவர் என்றுதான் எல்லோரும் சொல்வோம். நல்ல மனுஷன். எனக்கு வரும் பார்சலையெல்லாம் வாங்கி வைத்து, "இந்தாம்மா, ஒன் செங்கல் வந்திருக்கு" என்று கொடுப்பவர். அவரிடம் பேப்பரைக் காட்டினேன். பார்க்கவே மாட்டேன் என்கிறார்.

"நாப்பது வருஷமா நிக்குது. நீ வெளையாட்டுக்கு இடிக்கிற பொண்ணு, ஒனக்கு எல்லாமே இடிஞ்ச மாதிரிதான் தெரியும்."

"ஐயா, கீழ அச்சகக்காரருக்குப் பேப்பர் வைக்க இடம் வேணும்னு நடுச்சுவரை எடுத்தீங்களே, அதுக்கப்புறம்தானே –"

"எந்தச் சுவரை எடுக்கணும் எந்தச் சுவரை விடணும்னு எனக்குத் தெரியும்மா."

கதவைச் சாத்திவிட்டார். என் முகத்துக்கு நேராக ஒருநாளும் சாத்தியதில்லை.

தையல்கார அக்கா உடைந்த பிளாஸ்டரை ஒரு பார்வைதான் பார்த்தார். மகள்கள் இருவரையும் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மாநகராட்சி அலுவலகத்துக்கு நான் போன் செய்தேன். நாளை ஆள் அனுப்புகிறார்களாம்.

மார்ச் 18, செவ்வாய்

பொறியாளராக வந்தது ஒரு சின்னப் பெண். தலையில் மஞ்சள் தொப்பி. சுத்தியலால் தூணை மெல்லத் தட்டிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் சத்தம் மாறியது – காலி டப்பாவைத் தட்டியது போல. அவள் முகமும் மாறியது. டிரேசிங் பேப்பரை வாங்கிப் பார்த்தாள். "இதை என்னிக்கு எடுத்தீங்க?" ஆறாம் தேதி என்றேன். பேப்பரைத் திருப்பிக் கொடுக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் எறங்குங்க. இப்பவே. சாமான் வேண்டாம்."

பெரியவர் மட்டும் இறங்கமாட்டேன் என்கிறார். அவர் வீட்டுக்குள், நாற்காலியில், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு. "ஆறு தூண் இருக்கு. ஒண்ணு போனா மத்த அஞ்சு தாங்காதா?" அந்தப் பெண் கணக்கெல்லாம் சொன்னாள். அவர் காதில் ஏறவில்லை.

எனக்கு என்ன தோன்றியதோ, மேலே ஓடினேன். ஓடக் கூடாதுதான். ஏழாவது பலகையைத் தூக்கிவந்து அவர் மடியில் வைத்தேன். "இது நம்ம வீடு. இதுதான் அந்தத் தூண்." பிடுங்கினேன். மேல்தளத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். மற்ற தூண்கள் ஒவ்வொன்றாக மடிந்து, மூன்று தளமும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன. அவர் மடியிலேயே.

உண்மையை இங்கேயாவது எழுதவேண்டும். அது அட்டையும் பசையும். காங்கிரீட் அப்படி விழுமா என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் பலமாகவே அழுத்தினேன்.

அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு எழுந்து, போட்ட சட்டையோடு படியிறங்கினார். இரண்டு பக்கமும் நானும் அந்தப் பெண்ணும். அந்தத் தூணைத் தாண்டும்போது மூவரும் மூச்சே விடவில்லை.

இப்போது அக்காவின் தம்பி வீட்டில் இருக்கிறோம். நாளை இரும்பு முட்டு கொண்டுவந்து கொடுப்பார்களாம். சரியாகிவிடும் என்கிறார் இவர்.

மார்ச் 19, புதன்

விழுந்துவிட்டது.

மார்ச் 20, வியாழன்

நேற்று அதற்குமேல் எழுத வரவில்லை.

காலை பத்தே முக்கால். முட்டு ஏற்றிய லாரி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருக்கிறது. நானும் அக்காவும் பெரியவரும் எதிர்வரிசைக் கடை வாசலில் தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம். அக்கா யாருடைய பாவாடையையோ தைத்துப் பாதியில் மெஷினிலேயே விட்டுவந்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சத்தம். கட்டை முறிகிற மாதிரி, ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான், எங்க வீடு குனிஞ்சுது. ஆமா, குனிஞ்சுது. வேற எப்படிச் சொல்ல? அப்புறம் ஒண்ணுமே தெரியலை. வாயெல்லாம் புழுதி.

புழுதி அடங்கியபோது மூன்று மாடி இருந்த இடத்தில் என் தோள் உயரம்கூட இல்லை. நான் கட்டும் சிதைவில் சுவர் பாதி நிற்கும். ஜன்னல் வழியாக வானம் தெரியும். சிப்பாய் ஒளிந்துகொள்ள மூலை இருக்கும். இங்கே மூலையே இல்லை. எங்கள் கட்டில் இருந்த இடத்துக்கும் பெரியவர் நாற்காலிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூடக் கிடையாது.

யாருக்கும் ஒன்றும் இல்லை. நான்கைந்து தடவை எண்ணிவிட்டேன். அச்சகத்து ஆட்களைக்கூட முந்தின நாளே வெளியேற்றியிருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

இவர் பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டு ஓடிவந்தார். பின்னாலேயே பயணிகள் இருபது பேர். நான் வெளியேதான் இருப்பேன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், "ஒன் பலகையை எடுக்க உள்ள போயிருப்பியோன்னு நெனச்சேன்டி" என்று தெருவிலேயே உட்கார்ந்து அழுதார்.

பெரியவர் அழவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. மாலையில் அவர் தம்பி வந்து கூட்டிப்போனார்.

முதல்நாள் அந்தத் தூணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேனே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

புது வீடு. தரைத்தளம். இவர் தினமும் எல்லாத் தூணையும் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார். நான் சிரிப்பதில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஜெனரல் பார்க்க வந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். முடித்திருந்த ஆறு பலகைகளும் உள்ளே போய்விட்டன என்றேன். ஏழாவது அந்தப் பொறியாளர் பெண்ணிடம் இருக்கிறது, விசாரணைக்காக. "பலகை கெடக்குதும்மா" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, மறுபடி செய்வேனா என்று கேட்டார். செய்வேன், ஆனால் இடிந்த ஊர் இல்லை என்றேன். வரைந்து வைத்திருந்ததைக் காட்டினேன். கடைத்தெரு, ஓட்டு வீடு, மாடியில் துணி காயும் கொடி.

"இதுல எங்கம்மா சண்டை போடுறது?"

"ஊருக்கு வெளிய போய்ப் போடுங்க. வயல் ரெண்டு பலகை தர்றேன்."

மே 6, செவ்வாய்

மத்தியானம் லேப் கதவைத் திறந்துகொண்டு பெரியவர் வந்தார். ஒரு நொடி யாரென்றே தெரியவில்லை. கன்னம் இரண்டும் உள்ளே போயிருக்கிறது. பல் செட்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில் டம்ளரில் வைத்துவிட்டு இறங்கிவிட்டாராம். இத்தனை நாளாகக் கஞ்சிதான். டாக்டர் எடுத்த அச்சை அவரே கையில் கொண்டுவந்திருந்தார்.

"டாக்டர் ஆள்கிட்ட அனுப்புறேன்னார். நான்தான் குடுக்கிறேன்னேன்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. வார்த்தைகள் ஈறில் வழுக்கிக்கொண்டு வந்தன.

"நீ சொல்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே பாத்துட்டேம்மா. சுவரை எடுத்த மறுவாரமே விரிசல் விட்டுச்சு. நானே சுண்ணாம்பு அடிச்சு மூடினேன். ரெண்டு தடவை."

என் கையில் அவருடைய வாயின் அச்சு. அதைக் கீழே வைக்கவும் தெரியவில்லை. இரண்டு தடவை! கீழே அக்காவின் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருக்க, இந்த மனுஷன் தூரிகை வைத்து... அந்தச் செதில் செதிலான சுண்ணாம்பை எவ்வளவு ஆசையாக நான் பலகையில் செய்தேன்.

கத்தவேண்டும் போல இருந்தது. "அக்காகிட்ட சொன்னீங்களா?" என்றுதான் கேட்டேன்.

தலையாட்டினார். இல்லை என்று.

"அங்க சொல்லிட்டு வாங்க. அந்த எஞ்சினியர் பொண்ணுகிட்டயும். பல்லு வெள்ளிக்கிழமை ரெடியாயிடும்."

மே 9, வெள்ளி

காலையில் அக்கா போன் செய்தார். பெரியவர் நேற்று வந்தாராம். அக்கா அவரை வாசலிலேயே நிற்கவைத்து அரை மணி நேரம் திட்டினாராம். நின்று கேட்டுக்கொண்டாராம். அக்கா இன்னும் அழுதுகொண்டுதான் இருக்கிறார். அங்கிருந்து மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

சாயங்காலம் லேபுக்கு வந்தார். பல்லை மாட்டிப் பார்த்தோம். வலது பக்கம் கீழ்வரிசை துளி உயரம். கழற்றி, தேய்த்து, மறுபடி மாட்டினேன். கடிக்கச் சொன்னேன். கடித்தார். சரியாக உட்கார்ந்தது.

இன்னும் கோபம் போகவில்லை. மேலண்ணத்தில் உறுத்தினால் வரச் சொல்லியிருக்கிறேன்.