இரண்டு விரல் நீளம்

ஜனவரி 3

மதிப்பிற்குரிய ஐயா,

முன்பின் தெரியாத ஒருத்தி எழுதுகிறாளே என்று எடுத்த எடுப்பில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். வம்சாவளி இணையதளத்தில் உங்கள் பக்கத்தில் இருந்த முகவரிக்குத்தான் எழுதுகிறேன். எனக்கு அறுபத்தொரு வயது. துணி பிரித்துத் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். பெருத்தவர்களுக்கு இடுப்பைத் தளர்த்திக் கொடுப்பது, இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பது, அவ்வளவுதான் என் தொழில்.

போன வருடம் என் அம்மா இறந்தார். அவருடைய தகரப் பெட்டியில் ஒரு பழைய குடும்பப் படம் கிடைத்தது. யாரோ ஒரு அப்பா, ஒரு அம்மா, நெட்டையாக ஒரு பையன், ஒரு பெண் குழந்தை. ஒருவரையும் எனக்குத் தெரியாது. பின்பக்கம் என் அப்பாவின் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: "அந்த அம்மாவின் கைக்குக் கீழே நிற்பது நம் குழந்தை." என் அப்பா அம்மாவுக்கு இருந்த ஒரே குழந்தை நான்தான். அப்படியானால் அந்த அம்மா யார்? கேட்கலாம் என்றால் அப்பாவும் போய் இருபது வருடம் ஆகிறது.

படத்தைத் தளத்தில் ஏற்றினேன். 'இதே போன்ற படம் உள்ளது' என்று உங்கள் படத்தைக் காட்டியது. அதே நாற்காலி, அதே மனிதர்கள். ஆனால் குழந்தை நிற்கும் இடத்தில் ஒரு குட்டைத் தூண் இருக்கிறது. ஐயா, தையலை எவ்வளவு நேர்த்தியாகப் பிரித்தாலும் ஊசி போன ஓட்டை என் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்த அம்மாவின் கை தூணின் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி வளைந்திருக்கிறது. தூணைத் தொடுகிற கை அப்படி இருக்காது. தலையைத் தொடுகிற கைதான் அப்படி இருக்கும்.

உங்கள் வம்ச மரத்தில் அந்த வீட்டுக் கடைசிப் பெண் நாலு வயதில் காய்ச்சலில் இறந்ததாகப் போட்டிருக்கிறது. தாயின் கட்டம் பூட்டியிருக்கிறது: 'உயிருடன் இருப்பவர். விவரம் காட்டப்படாது.' செத்தவர்களைத்தான் எல்லோருக்கும் திறந்து காட்டுவார்களாம்.

அந்தச் செத்துப்போன பெண் நானா? நாளைக்குப் பதினொரு கால்சட்டைகளுக்கு ஓரம் மடிக்க வேண்டியிருக்கிறது. செத்தவள் செய்கிற வேலையாகத் தெரியவில்லை. தயவுசெய்து பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
தையல்கடைக்காரி


ஜனவரி 21

வணக்கம் அம்மா,

கடிதம் கிடைத்தது. படத்தை ஏற்றியவன் நான்தான். அந்த நெட்டைப் பையனும் நானே. எழுபத்தாறு நடக்கிறது. அப்பாவின் ஸ்டூடியோவில் படம் திருத்துபவனாக இருந்தேன். பருவை எடுப்பேன், சுருக்கத்தை நீக்குவேன், மூடியிருக்கும் கண்ணைத் திறந்து வைப்பேன். ஸ்டூடியோ மூடியாயிற்று. பழைய படங்களை ஸ்கேன் செய்து பொழுதைப் போக்குகிறேன்.

அந்த நாற்காலியில் எத்தனையோ குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு படத்தைப் போல இன்னொன்று இருப்பது சகஜம். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் இடது மணிக்கட்டின் உள்பக்கம் அவரை விதை அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறதா? இல்லையென்றால் பதில் எழுத வேண்டாம்.

நலம் நாடும்,
படத் திருத்துநர்


பிப்ரவரி 2

அண்ணாவுக்கு,

இருக்கிறது. கொதிக்கிற பால் பட்டது என்று சொல்லி வளர்த்தார்கள். நிஜமாகவே என்ன பட்டது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

'அண்ணாவுக்கு' என்று எழுதிவிட்டு அதையே திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அறுபத்தொரு வயதில் ஒரு அண்ணன்! இன்றைக்குக் கடைக்கு வந்த ஒரு பெண்ணிடம், "எங்க அண்ணன் போட்டோ ஸ்டூடியோ வெச்சிருந்தவர்" என்று சும்மா சொல்லிப் பார்த்தேன். அவள், "சரிக்கா, என் ஜிப்பு என்னாச்சு?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்!

அம்மாவின் கட்டம் பூட்டியிருக்கிறதே, அப்படியானால் இருக்கிறாள்தானே? கண் தெரிகிறதா? பேசுகிறாளா? என்னைப் பற்றி எப்போதாவது ஏதாவது சொன்னாளா? நான் கிளம்பி வருகிறேன் அண்ணா. எனக்குச் சொத்து வேண்டாம், சுகம் வேண்டாம். அவளை ஒரு தடவை பார்த்தால் போதும். வா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

உங்கள்,
தங்கை (சரியாக எழுதியிருக்கிறேனா?)


பிப்ரவரி 20

தங்கச்சிக்கு,

சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். பால் இல்லை, ஸ்டூடியோ விளக்கு. இந்தப் படம் எடுத்த அன்று போய்த் தொட்டுவிட்டாய். குறைமாதத்தில் பிறந்தவள் நீ, துணியில் சுற்றினால் ஒரு பொட்டலம்தான். அதனால் உன்னைப் பொட்டலம் என்றே கூப்பிட்டோம். எனக்கும் உனக்கும் நடுவில் பிறந்த மூன்றும் தங்கவில்லை.

உனக்கு மூன்று வயதில் ஸ்டூடியோ தீப்பிடித்தது. சாப்பாட்டுக்கே திண்டாட்டம். அப்பாவின் சிநேகிதர், கணக்கெழுதுகிறவர், பிள்ளை இல்லாதவர், வேலை மாறிக் கடல் தாண்டிப் போனார். "நாம நிமிர்ற வரைக்கும் இவர் வெச்சுக்கட்டும்" என்று அப்பா உன்னைக் கொடுத்தார். அம்மா தினமும், "எப்ப வருவா?" என்று கேட்டாள். சாப்பிட மாட்டேன் என்றாள். ஒரு வருடம் பார்த்துவிட்டு, காய்ச்சலில் போய்விட்டாய் என்று அப்பா சொல்லிவிட்டார். படத்திலிருந்து உன்னை எடுக்கச் சொன்னதும் அவர்தான். எடுத்தது நான். உன்னைத் தூணாக்கினேன். அம்மாவின் கையை மாற்ற எனக்குக் கை வரவில்லை.

அம்மாவுக்குத் தொண்ணூற்று நாலு. கண் தெரியும், காதும் கேட்கும், வாய் இன்னும் நன்றாகக் கேட்கும். ஆனால் இருதயம் பலவீனம், அதிர்ச்சி கூடாது என்கிறார் டாக்டர். ஆற அமரச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

தளத்தில் உன் இறந்த தேதியை எடுத்துவிட்டேன்.

அண்ணன்


மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

பேர் வைத்த நேரம், பொட்டலமாகவே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கோபம் வருகிறது. அழுகையும் வருகிறது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நேற்று ஒரு கோட்டின் உள்துணியைத் தப்பாகப் பிரித்துவிட்டேன்.

நீங்கள் தேதியை எடுத்ததும் என் கட்டம் பூட்டிக்கொண்டது. நானும் 'உயிருடன் இருப்பவர்' ஆகிவிட்டேன். தினமும் கடையைத் திறப்பதற்கு முன் தளத்தைத் திறந்து பார்க்கிறேன். அவள் கட்டமும் பூட்டு, என் கட்டமும் பூட்டு. அப்பாடா என்று ஷட்டரைத் தூக்குகிறேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு உயிர் துடிக்கிறது, ஆனால் அந்தக் கட்டம் மட்டும் திறந்துவிடக் கூடாது.

இத்துடன் ஒரு மேல்சட்டை அனுப்பியிருக்கிறேன். வெளிர்நீலம், முன்பக்கம் பொத்தான், கழற்றி மாட்டச் சுலபம். படத்தில் அவள் தோளையும் கையையும் அளந்து தைத்தேன். யாரோ தெரிந்த தையல்காரி கொடுத்தாள் என்று சொல்லுங்கள். பொய்தான், ஆனால் பாதி பொய்.

பொட்டலம்


மார்ச் 24

அன்புத் தங்கச்சிக்கு,

சட்டை வந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்தையலை நகத்தால் நெருடினாள். பிறகு போட்டுக்கொண்டு கையை நீட்டிக் காட்டிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"தைக்கத் தெரிஞ்சவதான். ஆனா என்னைப் பார்த்ததில்லை போல, கை ரெண்டு விரல் நீளம். ஒரு தடவ வரச் சொல்லேன், அளவெடுத்துக்கிட்டுப் போகட்டும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டேன்.

அண்ணன்


ஏப்ரல் 1

அண்ணா!

அம்மாவே கூப்பிட்டுவிட்டாளே! இதற்கு மேல் என்ன வேண்டும்?

கை நீளமாகத்தான் போகும். படத்திலிருக்கும் முப்பத்தாறு வயதுக்காரிக்கு அல்லவா தைத்தேன். தொண்ணூற்று நாலில் உடம்பு குறுகியிருக்கும் என்று ஒரு தையல்காரிக்குத் தோன்றவில்லை பாருங்கள். என் மனதில் அவளுக்கு வயசே ஆகவில்லை.

நான் தையல்காரியாகவே வருகிறேன். மகள் என்று நீங்களும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல மாட்டேன். என் தலைமேல் சத்தியம். தழும்பு தெரியாமல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்கிறேன். டேப்பைத் தோளைச் சுற்றிப் போட்டு, கையை அளந்து, "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். அவள் இருதயத்துக்கு ஒன்றும் ஆகாது. என் இருதயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தப் பதினெட்டாம் தேதி விமானத்தில் இடம் இருக்கிறது. பிடித்துவிடட்டுமா? இன்றைக்கே பதில் போடுங்கள்.

பொட்டலம்


ஏப்ரல் 12

தங்கச்சிக்கு,

பதினெட்டு வேண்டாம். அடுத்த மாதம் பதினைந்து. கோபித்துக்கொள்ளாதே, முழுக்கப் படி.

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. அம்மாவின் இருதயம் என்னுடையதைவிடத் திடம். பயம் எனக்குத்தான். நீ இறந்த செய்தி அப்பா வாயால் சொன்னதல்ல, ஒரு கடிதத்தில் வந்தது. உன்னை வளர்த்தவர் எழுதிய மாதிரி, அவர் கையெழுத்தைப் பார்த்து நான் எழுதிய கடிதம். எழுத்துக் கோணாமல் எழுத எனக்குத்தான் வரும் என்று அப்பா என்னை உட்கார வைத்தார். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையனுக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் இருந்திருக்க வேண்டும். எனக்கு இல்லை. அந்தக் கடிதத்தை அம்மா இன்னும் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள்.

நீ வாசற்படி ஏறினால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். அப்புறம் "இதை எழுதினது யாரு?" என்று கேட்பாள். சாகிற வயதில் அவளுக்கு நான் ஒருவன்தான், எனக்கும் அவள் ஒருத்திதான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எனக்குப் போக்கிடம் இல்லை. நீ வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு மாதம் கொடு.

நேற்று ஊசியில் கறுப்பு நூலைக் கோத்துத் தரச் சொன்னாள். எதுக்கு என்றால், "உன் வேலையப் பாரு" என்கிறாள். திடமாகத்தான் இருக்கிறாள்.

அண்ணன்


ஏப்ரல் 30

அண்ணா,

மே பதினைந்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். புது டேப் வாங்கியிருந்தேன்.

இன்று காலை ஷட்டரைத் தூக்கும் முன் பார்த்தேன். கட்டம் திறந்திருந்தது. பேர் இருந்தது, பிறந்த தேதி இருந்தது, ஏப்ரல் 26 இருந்தது. நாலு நாள். நாலு நாளாக நான் ஜிப்பு மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குச் சொல்லத் தோன்றவில்லை, தளத்துக்குச் சொல்லத் தோன்றியிருக்கிறது.

படமும் போட்டிருக்கிறீர்கள். நான் ஏற்றியிருந்த படம், தூண் இல்லாதது. அவள் கை என் தலைமேல் இருக்கிறது. இப்போது எல்லோரும் பார்க்கலாம், அவளைத் தவிர.

அவளிடம் சொன்னீர்களா? நான் இருக்கிறேன் என்று தெரிந்து போனாளா? இதற்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்.

அந்தச் சட்டையை எனக்கு அனுப்புங்கள். துவைக்க வேண்டாம் அண்ணா. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அவள் போட்டுக் கழற்றியபடியே அனுப்புங்கள். அவள் வாசனை எனக்கு ஞாபகம் இல்லை.

பொட்டலம்


மே 2

தங்கச்சிக்கு,

எப்படி எழுதுவது என்று நாலைந்து தாளைக் கிழித்தேன். தளத்தில் தேதியைப் போடுவதற்கு வார்த்தை தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நான் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். பக்கத்தில் உட்கார்ந்து அதற்கப்புறம்தான் சொன்னேன், எல்லாவற்றையும். கேட்க அவள் இல்லை.

கடைசி இரண்டு வாரம் உன் சட்டையை அவள் கழற்றவே விடவில்லை. உனக்குச் சேர வேண்டியது என்று இத்துடன் அனுப்புகிறேன். கழுத்தெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, மார்பில் மருந்துக் கறை. அப்படியே அனுப்ப மனம் வரவில்லை. நானே இரண்டு தடவை துவைத்துக் கறையை எடுத்து, இஸ்திரிப் பெட்டி போட்டு மடித்திருக்கிறேன். புதுசு மாதிரி இருக்கிறது.

பதினைந்தாம் தேதி வருவாய் அல்லவா? வாசலிலேயே காத்திருப்பேன்.

அண்ணன்


மே 17

மதிப்பிற்குரிய ஐயா,

பார்சல் வந்து சேர்ந்தது. என் கடிதம் உங்களுக்கு வருவதற்கு முன்பே இது கிளம்பிவிட்டது, தெரியும். உங்கள் மேல் குற்றமில்லை. கறையைக் கண்டால் எடுக்கத்தான் உங்கள் கைக்குத் தெரியும்.

முகத்தில் வைத்துப் பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது.

பிறகு கையைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு கையிலும் இரண்டு விரல் அளவு உள்பக்கம் மடித்துத் தைத்திருக்கிறது. கறுப்பு நூல். ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை, முடிச்சு மிளகு தண்டி. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, அதனால் உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்கும். என் தையலுக்குப் பக்கத்திலேயே அவள் தையல் ஓடுகிறது. அளவெடுக்க நான் வருவேன் என்று காத்திருந்து பார்த்து, வரமாட்டேன் என்று தெரிந்ததும் தானே சரிசெய்து போட்டுக்கொண்டிருக்கிறாள்.

மடிப்பைப் பிரித்தால் உள்ளே அவள் வாசனை ஏதாவது மிச்சம் இருக்குமோ என்று கத்தரிக்கோலை எடுத்தேன். வைத்துவிட்டேன். பிரிப்பதுதான் என் பிழைப்பு, இதைப் பிரிக்க மாட்டேன்.

பதினைந்தாம் தேதி நான் வரவில்லை. நீங்கள் வாசலில் காத்திருந்திருப்பீர்கள். அவளும் அப்படித்தான் காத்திருந்தாள், ஐம்பத்தேழு வருடம், செத்துப்போன ஒருத்திக்காக. இனி எழுத வேண்டாம், எழுதினாலும் பிரிக்க மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தையல்கடைக்காரி