உன் கதையில் வருகிற அம்மா எழுதுவது

மல்கிரேவ், மெல்பேர்ன்
ஞாயிறு பின்னேரம்

மகன் ஜனுஷனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். கிழமைக்கு ஒருமுறை வீடியோவில் முகத்தைக் காட்டுகிறாய்தான். ஆனால் உன்னோடு ஊழியம் செய்கிற அந்தப் பிலிப்பைன்ஸ் பையன் எப்போதும் பக்கத்தில் இருக்கிறான். அவனுக்குத் தமிழ் தெரியாது என்றாலும் என் முகத்தைப் படிக்கத் தெரியும். அதனால்தான் கடிதம். உறையின் மேல் உங்கள் சபை கொடுத்த ‘எல்டர்’ பட்டத்தைப் போட்டிருக்கிறேன், தபால் வந்து சேர வேண்டுமே என்பதற்காக. இருபது வயதுப் பிள்ளையை மூப்பர் என்று உள்ளே எழுத மாட்டேன்.

போன சனிக்கிழமை உங்கள் மோர்மன் சபை மண்டபத்தில் நடந்த இலக்கியக் கூடலுக்குப் போயிருந்தேன். ஓம், நான்தான். உன் நண்பன் பிரஷாந்தன் எங்கள் வீட்டுக்கு வந்து, “அன்ரி, ஜனுவின்ர கதையை நான் வாசிக்கிறன். நீங்கள் வராட்டிலும் பரவாயில்லை” என்றான். வர வேண்டாம் என்று சொல்ல வந்த பிள்ளை போல இருந்தது. அந்த நிமிஷமே போவதென்று முடிவெடுத்துவிட்டேன். எங்கள் மாதா கோயில் செபக் குழு வின்சன்ட் அங்கிளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. என்னோடு அவருக்குப் பேச்சில்லை. அப்பாவுக்குப் போன் எடுத்து, அந்தக் கூட்டத்துக்குப் போனால் கோயிலில் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டாராம். நினைக்கட்டும் என்றேன். அப்பாதான் காரில் கொண்டுபோய் விட்டார். உள்ளே மட்டும் வரவில்லை.

தேத்தண்ணியும் கோப்பியும் உங்களுக்கு ஆகாது என்று தெரியும். நான் பிளாஸ்கில் கொண்டுபோய், முன் வரிசைக் கதிரையில் இருந்து குடித்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தொங்கா நாட்டுப் பெண் ஒருத்தி தன் தகப்பனின் ஞானஸ்நானத்தைப் பற்றிக் கவிதை வாசித்தாள். உண்மையில் அழகாக இருந்தது. பிறகு, சபையை விட்டுப் போனவர் எழுதினால் அது மோர்மன் இலக்கியம் ஆகுமா ஆகாதா என்று இரண்டு ஆய்வாளர்கள் மோதிக்கொண்டார்கள். நம்முடைய தமிழ்க் கூட்டங்களில் நடக்கிற அதே சண்டை. இவர்கள் கொஞ்சம் மெதுவான குரலில் போடுகிறார்கள்.

அதன் பிறகு உன் கதை.

சபையில் சேரப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு ஒரு பையன் வெளியே போகிறான். பின்னேரம் திரும்பி வந்தால், பூட்டிய கதவுக்குப் பின்னால் அம்மாவின் குரல்: இந்த வீட்டை விட்டு வெளியே போ. அவன் தட்டாமலே திரும்பி நண்பன் வீட்டுக்குப் போகிறான். பக்கத்தில் இருந்த மனுசி கண்ணைத் துடைத்தாள். நான் பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டேன். அது எங்கள் கதவு. அன்றைக்கு நீ ஏன் வரவில்லை, மறுநாள் நான் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போன நேரம் பார்த்து ஏன் உடுப்புகளை எடுத்துக்கொண்டு போனாய் என்று எனக்கு அந்தக் கதிரையில் இருக்கும்போதுதான் விளங்கியது. இவ்வளவு காலமும், உன் சபை உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். ஊழியத்துக்குப் புறப்பட்ட அன்றைக்கு விமான நிலையத்திலும் யாரோ மனுசிக்குக் கை கொடுப்பது போலத்தானே என்னைக் கட்டிப்பிடித்தாய்.

சிட்னியிலிருந்து வந்த ஒரு பேராசிரியை உன் கதையை விளக்கத் தொடங்கினார். மதம் மாறிய பிள்ளைகளின் கதைகளில் தாய்க்குப் பேச்சே கிடையாதாம். ஒரு வசனம், பிறகு சாத்திய கதவு. ‘மௌனமான தாய்’ என்றார். பத்தொன்பது வருஷமாக இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பிக்கிற நான் மௌனமாம்! எழும்பினேன். பிரஷாந்தன், “அன்ரி, ப்ளீஸ்” என்று வாயசைத்தான். நான் மைக்கைக் கையில் வாங்கினேன்.

அந்த அம்மா நான்தான் என்றேன். அந்த வசனமும் என்னுடையதுதான், ஆனால் மகனுக்குச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் வந்து இருந்துகொண்டு, இந்தப் பிள்ளையைத் தலைமுழுகிவிடுங்கள் என்று புத்தி சொன்ன ஒரு பெரிய மனிதருக்குச் சொன்னது. தமிழில் பெரியவரைத் துரத்த ஒரு சொல், பெற்ற பிள்ளையைத் துரத்த இன்னொரு சொல். என் மகன் ஆங்கிலத்தில் எழுதியதில் இரண்டும் ஒன்றாகிவிட்டன என்றேன்.

நீயே யோசித்துப் பார். அன்றைக்கு நான் வின்சன்ட் அங்கிளைப் பார்த்துக் கத்தியது, “வெளியில போங்கோ! இந்த வீட்டை விட்டு வெளியில போங்கோ!” என்று. கோபம் வந்தால் உனக்கு எப்போதாவது ‘போங்கோ’ போட்டிருக்கிறேனா? ‘டா’ போட்டுத்தானே ஏசுவேன்? கதவுக்கு வெளியே பயந்துபோய் நின்ற உனக்கு ‘வெளியில’ மட்டும் கேட்டிருக்கிறது. அவர் சப்பாத்தை அரைகுறையாக மாட்டிக்கொண்டு இறங்கிப் போனபோது நீ தெருமுனை தாண்டியிருப்பாய். ஒரு தரம் தட்டியிருக்கலாம், மகன்.

மண்டபத்தில் இவ்வளவையும் சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு அந்தப் பேராசிரியை, இதை எங்களுக்கு எழுதித் தருவீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார். எழுதுவேன், ஆனால் என் மகனுக்குத்தான் எழுதுவேன் என்றேன். வெளியே வரும்போது பிரஷாந்தன் பின்னால் ஓடி வந்து, “அன்ரி, எங்கட வீட்டில இருந்த நாள் முழுக்க அவன் போனைத்தான் பாத்துக்கொண்டிருந்தவன்” என்றான். நானும் உனக்குப் போன் எடுக்கவில்லை, நீயும் எனக்கு எடுக்கவில்லை. சரி, விடு.

காரில் ஏறி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே பெல்ட்டைப் போட்டார். பிறகு, “அவன் நல்லா எழுதுறானோ?” என்று கேட்டார். “பிழையா எழுதியிருக்கிறான். ஆனா நல்லா எழுதுறான்” என்றேன்.

இதைப் படித்துவிட்டு அம்மா மனம் மாறிவிட்டாள் என்று நினைக்காதே. நான் செபமாலையை விடப் போவதில்லை. உன் ஊழியக்காரப் பிள்ளைகள் எவரையும் என்னிடம் அனுப்பிப் பார்க்காதே; சாப்பாடு போட்டு அனுப்பிவிடுவேன். நீ மாறியதில் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் உன்னை இந்த வீட்டிலிருந்து அனுப்ப வின்சன்ட் அங்கிளுக்கும் உரிமை இல்லை, உன் கதைக்கும் உரிமை இல்லை.

கதையைத் திருத்துவதும் விடுவதும் உன் விருப்பம். மார்கழியில் உன் ஊழியம் முடிந்து வரும்போது பிரஷாந்தன் வீட்டுக்குப் போகாதே. விமான நிலையத்தில் நானும் அப்பாவும் நிற்போம். நீ இருக்கிற ஊரில் இப்போது மழைக்காலம் என்கிறார்கள், நனைந்த சப்பாத்தோடு திரியாதே.

மாதா உன்னைக் காப்பாற்றுவாள். நீ இப்போது அவளைக் கூப்பிடுகிறாயோ இல்லையோ, அவள் அதையெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை.

உன் அம்மா,
அஞ்சலீனா