காசு வேட்டையும் ஒரு விசிலும்

1999 ஜூன் 25, வெள்ளி

புழுதி வாருகிற கச்சான் காற்று. காலையில் கூட்டின முற்றம் பத்து மணிக்கு முன்பே பழையபடி குப்பை. இரண்டாம் தரமும் கூட்டினேன். மூன்றாம் தரம் விளக்குமாற்றைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து இருந்துவிட்டேன்.

வட்டவிதானை சைக்கிளில் வந்தார். குளத்துத் தண்ணீரை வயலுக்கு வயல் முறை வைத்து விடுகிற மனுஷன். ஆனால் முகத்தைப் பார்த்தால் குளத்தையே தானம் பண்ணுகிறவர் போல இருக்கும். எங்கள் முறை செவ்வாய்க்கிழமை, விடிகாலையில் இருந்து பின்னேரம் வரை. அடுத்த முறை எப்போது என்று அவருக்கே தெரியாதாம். குளம் அடிமட்டம். நெல் குடலையில், கதிர் இன்னும் வயிற்றுக்குள் இருக்கிற பருவத்தில், நிற்கிறது. இந்தத் தண்ணீர் தவறினால் போன போகம் மாதிரி முழுக்கப் பதர்.

கடை: சீனி, நெருப்புப்பெட்டி. மிச்சத்துக்கு இரண்டு இனிப்பு. “சில்லறை இல்லை அக்கா, நான் என்ன செய்ய?” வன்னியில் இருந்த சில்லறை எல்லாம் எங்கே போய் ஒளிந்தது? வீட்டுக்கு வீடு தகர ரின்னுக்குள்ளும் பழைய பெட்டிக்குள்ளும்தான் கிடக்கும். அதிலிருந்து வந்த யோசனை: ஞாயிறு பின்னேரம் எங்கள் ஒழுங்கைப் பெண்களுக்கு, இந்தச் சின்னத் தெருவில் இருக்கிறவர்களுக்கு, ஒரு காசு வேட்டை. சாதாரணக் காசு வேண்டாம். வினோதமானவை மட்டும்.

பரிசு: தங்கச்சி வவுனியாவில் இருந்து கொண்டுவந்த, குளிக்கிற வாசச் சவர்க்காரம். உறை பிரிக்காதது. தடைச் சாமான், வன்னிக்குள் விடமாட்டார்கள், இங்கே பொன் மாதிரி. கொடுக்க மனம் வரவில்லை. நானே வென்றால் நல்லது. நடுவர் வெல்லலாமா? யோசிக்க.

ஜூன் 26, சனி

மண்வெட்டிக்குப் பிடி போட்டாயிற்று. எள் காயவில்லை.

பட்டியல் எழுதி வீடு வீடாய்ச் சொன்னேன். ஓட்டைக் காசு. சதுரக் காசு. இராசா தலை போட்ட காசு. தேய்ந்து மொட்டையான காசு. காசு மாதிரி இருக்கும், ஆனால் காசில்லாத சாமான். கடைசியாக, காசால் செய்த சாமான், அதற்கு மட்டும் இரட்டைப் புள்ளி.

இவர், என் வீட்டுக்காரர், சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார். “நாடெல்லாம் சண்டை. நீர் ஓட்டைக் காசு தேடுறீர்.”

“நான் தேடாமல் விட்டால் சண்டை நிண்டிடுமோ?”

இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டுக்கொண்டார்.

இராசமணிக்கு, அதுதான் எதிர்வீட்டுக்காரிக்கு, இப்போதே தான் வென்ற எண்ணம். அவளுடைய தகப்பன் காலத்துக் காசெல்லாம் கிடக்கிறதாம். கிடக்கும், கிடக்கும். அந்த வீட்டில் எதைத்தான் வெளியே எறிந்தார்கள்.

பிலோவுக்கும் சொன்னேன். பிலோமினா, எங்கள் வளவின் வாய்க்கால் பக்க மூலையில் கொட்டில் போட்டு இருப்பவள். கொக்கிளாய்ப் பிள்ளை. ஊரை விட்டு ஓடிவந்தபின் முல்லைத்தீவுக் கரை, அங்கேயும் இருக்க முடியாமல் இப்போது இங்கே. புருஷன் அருளப்பு மட்டும் கரையில் மீன்வாடியில் தங்கிக் கடல்தொழில் செய்கிறான். இடைக்கிடை சைக்கிளில் வருவான். பட்டியலின் கடைசி வரியை வாசித்தவள் கையை நீட்டிக் காட்டினாள். மோதிரம். இத்தனை நாளும் வெள்ளி என்று நினைத்திருந்தேன்.

“ஒரு ரூபாய்க் குத்தி அக்கா. கரண்டியாலை தட்டித் தட்டி அவர்தான் செய்தவர். ஓடி வரேக்கை ஒண்டும் கொண்டு வரேல்லை. முகாமிலைதான் கலியாணம். பவுணுக்கு எங்கை போறது? ஃபாதர் இதைத்தான் மந்திரிச்சுத் தந்தவர்.”

உள்பக்கம் இன்னும் எழுத்துத் தெரியும் என்றாள். கழற்றிக் காட்டவில்லை. இரட்டைப் புள்ளி அவளுக்குத்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜூன் 27, ஞாயிறு

என்ன மனுஷி நான்.

ஒழுங்காய் எழுதிப் பார்க்கிறேன். நாலு மணி போல எல்லாரும் வந்தார்கள். வாய்க்கால் கரையில் மருத மர நிழலில் சுளகை வைத்தேன். அவரவர் கொண்டுவந்ததை அதில் போட வேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டவள் நான்.

வந்தவை: தம்பியின் பேரனுடைய அரைஞாண் ஓட்டைக் காசு (குழந்தை பின்னால் அழுதுகொண்டே வந்தது). சதுர ஐந்து சதம், ஒரு கை நிறைய. தென்னையா பனையா தெரியாத மரம் போட்ட செப்புக் காசு. இராசா தலை, அதில் இராசாவுக்கு மூக்கு இல்லை. அதற்கு ஒரு சண்டை. “தலை எண்டுதானே கேட்டனீர், மூக்கும் வேணுமெண்டு கேட்டனீரோ?” என்று இராசமணி. காசில்லாத காசுக்குச் சட்டைப் பொத்தான், சோடா மூடி, மருந்துப் போத்தல் தகரம். பிலோ கொண்டுவந்தது மீன் செதில். காய்ந்து, பளபளத்து, அச்சாய் இருபத்தைந்து சதக் குத்தி. எல்லாரும் கை தட்டினோம். எவ்வளவு காலம் இப்படிச் சிரித்து.

பிறகு காசால் செய்த சாமான். இராசமணி ஒரு ரூபாயில் துளை போட்டுக் கட்டின பூட்டுத் திறப்புக் கோர்வை. பிலோ விரலை நீட்டினாள்.

“சுளகிலை வை.”

“விரலிலை கிடக்கட்டுமே அக்கா. அவர் கடலிலை நிக்கேக்கை நான் கழட்டுறேல்லை.”

“ஒரு கால் மணித்தியாலம். அதுக்கிடையிலை கடல் எங்கை ஓடப்போகுது?”

இதைச் சொன்னது நான்தான். இந்த வாயாலேதான்.

கழறவில்லை. சவர்க்காரம் போட்டால் வரும் என்றாள் ஒருத்தி. பரிசுச் சாமானைப் பிரிக்கக் கூடாது என்றேன். தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து பூசினேன். விரல் சிவந்து ஒருமாதிரி வந்தது. அந்த இடம் மட்டும் வெள்ளையாய், நூல் கட்டி இறுக்கின மாதிரி. சுளகில் வைத்தாள்.

எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கிறார்கள். புள்ளி சொல்ல விடவில்லை. என் கழுத்தில் விசில். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி நினைவில், வேட்டை முடிந்தது என்று நீட்டி ஒரு ஊது ஊதினேன்.

எங்கள் ஒழுங்கையில் விசில் என்றால் குண்டு போட பொம்மர் வருகிறது என்று அர்த்தம். அந்த விசிலை என்னிடம் தந்திருப்பதே அதற்குத்தான். நான் ஊதித்தான் இந்தச் சனம் எத்தனை தரம் பங்கருக்குள் பாய்ந்திருக்கும். அந்த நேரம் அது எனக்கே மறந்து போயிற்று. ஒருத்தரும் வானத்தைக்கூடப் பார்க்கவில்லை. பாய்ந்தார்கள். பிள்ளையைத் தூக்கினவர்கள், விழுந்து எழும்பினவர்கள். யாரோ சுளகில் கால் வைத்தார்கள். அதைவிடக் கேவலம், நானும் ஓடினேன். நான் ஊதினதற்கு நானே ஓடிப்போய்ப் பங்கருக்குள் குந்தியிருந்தேன்.

“எங்கை, இரைச்சலைக் காணேல்லை?” இருட்டுக்குள் இராசமணி. பிறகு என்னிடம், “பரமேசு, நீர் எங்கை பிளேனைக் கண்டனீர்?”

வெளியே வந்தால் சுளகு வாய்க்காலில் கவிழ்ந்து கிடந்தது. கணுக்கால் தண்ணீர்தான். இறங்கித் தடவினோம். கலங்கல். சேறு. சதுரக் காசு சில வந்தன. பிலோ மட்டும் பொழுதுபட்ட பிறகும் எழும்பவில்லை. இவர்தான் போய்க் கூட்டிவந்தார்.

சவர்க்காரத்தை ஒருத்தரும் கேட்கவில்லை.

ஜூன் 28, திங்கள்

போயா, பறுவ விடுமுறை. காற்று. தலையிடி.

விடியவே பிலோ வாய்க்காலுக்குள். நானும் இறங்கினேன். ஓடுகிற தண்ணீரில் என்ன தெரியும்? வட்டவிதானையைப் பிடித்துக்கொண்டு வந்தோம்.

“மதகை மறிச்சு வாய்க்காலை வத்த விட்டால் ஒரு மணித்தியாலத்திலை எடுத்திடலாம்,” என்றார். “ஆனால் இண்டைக்கு மேட்டுவயல் ஆக்களின்ரை முறை. அவங்கள் என்னை வெட்டிப் போடுவாங்கள்.”

“அப்ப எப்ப?”

“நாளைக்கு உங்கட முறைதானே. உங்கட தண்ணியை மறிக்கிறதும் விடுறதும் உங்கட பாடு.”

பிலோ பக்கத்தில்தான் நின்றாள். என்னைப் பார்த்தாள். “நாளைக்குத்தானே அக்கா” என்று மெல்லச் சொன்னாள். அவளுடைய முகத்தில் அப்படி ஒரு தெளிவு வந்தது.

“ஓம், பாப்பம்.”

பாப்பம்! இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவனைக் கட்டிவைத்து அடிக்க வேண்டும்.

இரவுச் சாப்பாட்டில் இவர்: “மோதிரம் சேத்துக்குள்ளைதானே கிடக்கும், எங்கை போகப்போகுது? முதலிலை வயல் நிறையட்டும். பிறகு மறிச்சுத் தேடட்டும்.” அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. வயல் என்னுடையதும்தான்.

ஜூன் 29, செவ்வாய்

விடிய மதகு திறந்தார்கள். எங்கள் முறை என்றால் முழுத் திறப்பு. முழங்காலுக்கு மேலே, இழுத்துக்கொண்டு ஓடுகிற தண்ணீர்.

பிலோ அரிதட்டோடு வந்து நின்றாள். தண்ணீரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “பின்னேரம் மறிச்சுத் தாறன் பிலோ, வயல் ஒருக்கால் நிறையட்டும்” என்றேன். “ஓம் அக்கா” என்றாள். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

நாள் முழுக்க வாய்க்கால் கரையில் இருந்தாள். மருத மர நிழல் நகர்ந்து போயிற்று, அவள் நகரவில்லை. தேத்தண்ணி கொடுத்துவிட்டேன், அப்படியே ஆறிக் கிடந்தது. நான் மண்வெட்டியோடு வரம்பில் போய்வந்தபோதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன். வயல் நிறைந்தது. கடைசிப் பாத்தியும் நிறைந்தது. நிறைந்த பிறகும் இன்னும் கொஞ்சம் என்று விட்டேன். அந்தக் கொஞ்சம் எதற்கு?

நாலு மணிக்குப் பிறகு மறித்தோம். வாய்க்கால் வற்றியது. ஒழுங்கை முழுக்க இறங்கித் தேடியது, இராசமணி உட்பட, இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு. சேற்றை அள்ளி அரித்தோம். மூக்கில்லாத இராசா வந்தார். செப்புக் காசு வந்தது. ஓட்டைக் காசு வந்தது, அதன் கயிற்றோடு. ஒவ்வொன்று வரும்போதும் பிலோ ஓடி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். மோதிரம் இல்லை. ஞாயிறு கிடந்த சேறே அங்கே இல்லை. நேற்று வரை கறுப்புச் சேறு, இன்று புது மணல். என் தண்ணீர் வாரிக்கொண்டு போய்விட்டது.

இருள முன் அடுத்த முறைக்காரர் வந்துவிட்டார்கள். திறந்துவிட்டோம்.

ஜூன் 30, புதன்

பிலோவின் கொட்டிலுக்குப் போனேன். சவர்க்காரத்தையும் கொண்டு போனேன். ஏன் கொண்டு போனேன், தெரியவில்லை. எதையாவது கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும் போல இருந்தது. கதவுப் படலைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. விரலில் துணி சுற்றியிருந்தாள்.

எள் காய்ந்துவிட்டது.

ஜூலை 1, வியாழன்

கிழக்கே குமுறல். கரைப் பக்கம் நேவிக்காரர் கடலில் இருந்து ஷெல் அடிக்கிறார்களாம், வாடிகள் எரிந்ததாம். சந்தியில் கதைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தால் பிலோ ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தாள். படலைக்கு வெளியே, முல்லைத்தீவுப் பக்கத்து றோட்டைப் பார்த்தபடி நின்றாள். செபமாலை கையில். துணி சுற்றின விரலை மற்றக் கையால் பொத்திப் பிடித்திருந்தாள்.

எனக்கு இந்த நம்பிக்கை ஒன்றும் கிடையாது. மோதிரம் கழற்றினதற்கும் குண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் சாமி விளக்கைக் கொளுத்திவிட்டு, அருளப்புவைக் காப்பாற்று தாயே என்றுதான் கும்பிட்டேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. வயலைக்கூடக் கேட்கவில்லை.



ஜூலை 2, வெள்ளி

செய்தி இல்லை. இவர் சைக்கிளில் சந்திக்குப் போய் விசாரித்தார். அங்கேயும் இல்லை. “முதல் நாளே மறிச்சிருக்கலாம்,” என்றார் சாப்பிடும்போது. இப்போது சொல்கிறார்! கோப்பையை நிலத்தில் அடித்து வைத்தேன். ஆனால் அவரையும் என்ன சொல்வது? மதகடியில் நின்று திறவுங்கோ என்று சொன்னது நான்.

வயலில் கதிர் தள்ளத் தொடங்கிவிட்டது. ஒரு பதர் இராது போலத்தான் இருக்கிறது. பார்க்கப் பிடிக்கவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 3, சனி

காற்றுக் கொஞ்சம் குறைவு.

வந்துவிட்டான். மத்தியானம், தூசியில் குளித்துக்கொண்டு. சைக்கிள் கரியரில் ஓலைப் பெட்டி. வாடிதான் எரிந்ததாம், இவன் அந்த நேரம் கடலில். பிலோ அழுத சத்தம் எங்கள் குசினி வரை கேட்டது. நானும் அடுப்படியில் இருந்து அழுதேன்.

பின்னேரம் இரண்டு பேருமாய் வந்தார்கள். நான் முற்றத்தில் எழும்பி நின்றேன். கேட்கப் போகிறான், எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், விசிலையும், பாப்பம் என்றதையும், வயல் நிறைந்த பிறகும் விட்ட தண்ணீரையும். மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

அவன் ஓலைப் பெட்டியை நீட்டினான். அறக்குளாக் கருவாடு.

“பிலோ எல்லாம் சொன்னவ அக்கா. மோதிரத்தை வாய்க்காலுக்கை கை தவற விட்டிட்டாவாம். நீங்கள் உங்கட முறைத் தண்ணியை மறிச்சு, ஊரையே இறக்கித் தேட வைச்சனீங்களாம். குடலை நெல்லை வைச்சுக்கொண்டு ஆர் அக்கா இந்தக் காலத்திலை இப்பிடிச் செய்வினம்?”

“அருளப்பு, அது வந்து…”

“மோதிரம் போனால் போகட்டும். இன்னொரு குத்தி எடுத்துத் தட்டினால் சரி. மனுசர்தான் கிடைக்காது.”

அவனுக்குப் பின்னால் பிலோ. விரலில் துணி இல்லை. வெள்ளைத் தடம் அப்படியே. நான் பெட்டியை வாங்காமல் நிற்கிறேன்.

“வாங்குங்கோ அக்கா,” என்றாள் பிலோ. செவ்வாய்க்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் சொல். “வெக்கப்படாமல் வாங்குங்கோ.”

வாங்கிக்கொண்டேன்.