அத்னானின் குரல் பதிவுகளுக்கான திறவுகோலை அழிக்க வேண்டாம்

அனுப்புநர்:
இஷ்ரத் பிந்தி ஜெய்னுலாபுதீன்,
தாமான் மெலூர், கிள்ளான்.

பெறுநர்:
திரு. விமலன் அவர்கள்,
தகவல் பாதுகாப்புத் தலைமை அதிகாரி,
மணிச்சுடர் காப்புறுதி நிறுவனம்,
பெட்டாலிங் ஜெயா.

பொருள்: பூட்டு மென்பொருள் நீக்கப்பட்டதால் திறக்க முடியாமல் போன, மறைந்த ஊழியர் அத்னானின் குரல் பதிவுகளைத் திறந்து தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் நிறுவனத்தின் தொலைபேசிப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி, இவ்வாண்டு நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில் வஃபாத்தான அத்னானின் மனைவி நான். மலாய் மொழியில் நான் அனுப்பிய புகாருக்கு இரண்டு வரியில் பதில் வந்தது. தாங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்தவர் என்று என் கணவருடைய அலுவலகத் தோழர்கள் சொன்னதால் இதைத் தமிழில் எழுதுகிறேன். மலாயில் எழுதினால் விவரம் போய்ச் சேருகிறது, என் மனசு போய்ச் சேரவில்லை.

2. நான்கு ஆண்டுகளுக்கு முன் என் கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டு, குரல்வளையை எடுத்தார்கள். அப்போது எங்கள் மகள் ருக்சாருக்கு இரண்டு வயது. அறுவைச் சிகிச்சைக்கு முன் அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மகளுக்காகத் தம் குரலைப் பதிவு செய்தார். கலிமா, கதைகள், பெயர் சொல்லிக் கூப்பிடுவது, எல்லாம் அதில் உண்டு. சோறு தின்னாமல் அடம்பிடித்தால் அதட்டுவதற்குக்கூட ஒன்று வைத்தார். அவற்றை மடிக்கணினியில் ஏற்றிப் பத்திரப்படுத்தினார். பதிவு செய்த கைப்பேசி பிறகு பழுதாகிவிட்டது.

3. அவர் இருக்கும்வரை நாங்கள் அவற்றைக் கேட்கவில்லை. தாம் பக்கத்தில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்க, தம் குரல் மட்டும் கணினியிலிருந்து வருவது வேண்டாம் என்று எழுதிக் காட்டினார். நான் வற்புறுத்தவில்லை. எந்த மனைவி வற்புறுத்துவாள், ஐயா?

4. குரல் போன பிறகும் தங்கள் நிறுவனம் அவரைக் கைவிடவில்லை. வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களுக்கு எழுத்தில் பதில் அனுப்பும் வேலை தந்தது. அந்த நன்றியை நான் மறக்கவில்லை. அதற்காக அவருடைய சொந்த மடிக்கணினியில் தங்கள் பூட்டு மென்பொருள் ஏற்றப்பட்டது. அலுவலகக் கோப்புகளோடு மகளுக்கான பதிவுகளையும் அது பூட்டியது. மென்பொருள் இருந்தவரை எல்லாம் தானாகத் திறந்துகொண்டதால், பூட்டு இருப்பதே எங்களுக்குத் தெரியவில்லை.

5. அவர் மறைந்த இரண்டாம் மாதத்தில், மென்பொருளை நீக்குவதற்காகக் கணினியைக் கொண்டுவருமாறு கடிதம் வந்தது. வாரிசு நேரில் வர வேண்டும் என்றும் அதில் இருந்தது. நான் அப்போது இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டில் இருப்பது எங்கள் மார்க்கத்தின் கடமை. அது முடிந்ததும் வருகிறேன் என்று அவகாசம் கேட்டேன். கிடைக்கவில்லை. ஆகவே பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடை வைத்திருக்கும் என் கொழுந்தனார் ஹாசிம் கொண்டுபோனார்.

6. நீக்கும் முன் கோப்புகளின் பூட்டைத் திறக்க வேண்டும், அதற்கு வாரிசின் கையொப்பம் வேண்டும் என்பது தங்கள் விதியாம். கையொப்பம் இல்லாததால் பூட்டைத் திறக்கவில்லை. ஆனால் மென்பொருளை மட்டும் நீக்கிவிட்டார்கள். "பைல் எல்லாம் இருக்கு அண்ணே, ஒன்னும் டிலிட் ஆகல லா" என்று கவுண்டரில் இருந்தவர் சொல்லியிருக்கிறார். பொய்யில்லை. எல்லாம் இருக்கின்றன, ஒன்றும் திறக்கவில்லை. மடிப்பைப் பிரித்துப் பார்க்காமல் ஒரு சேலைகூட வாங்காத என் கொழுந்தனார், கோப்புகளின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு நன்றி சொல்லி வந்துவிட்டார். இன்று எங்கள் வீட்டுக்கு வரவே கூச்சப்படுகிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

7. இத்தா முடிந்ததும் மகளோடு சேர்ந்து கேட்கலாம் என்று அதுவரை பதிவுகளைத் தொடாமல் வைத்திருந்தேன். முடிந்த அன்று குளித்து, தொழுது, ருக்சாரை மடியில் வைத்துக் கணினியைத் திறந்தேன். 'ருக்சார் கூப்பிடுவது' என்ற கோப்பை அழுத்தினேன். திறக்க முடியாது என்று எழுத்து வந்தது. "அத்தா பேச மாட்றாங்களா மா?" என்று கேட்டாள். கணினி பழுது என்று சொல்லிவைத்திருக்கிறேன். செராஸில் ஒரு கடையில் காட்டினேன். திறவுகோல் இல்லாமல், அந்தப் பூட்டைச் செய்தவனே வந்தாலும் திறக்காது என்று சொல்லிக் காசு வாங்காமல் அனுப்பிவிட்டார்கள்.

8. அவர் குரல் வேறெங்கும் இல்லை. எங்கள் திருமண வீடியோவில் கேமராக்காரர் ஆரம்பம் முதல் கடைசிவரை பாட்டுப் போட்டு மூடிவிட்டார். தங்கள் அலுவலகத்தில் பதிவான பழைய அழைப்புகள் அப்போதே அழிக்கப்பட்டனவாம். ஊர்பேர் தெரியாத எத்தனையோ பேர் அவர் குரலைக் கேட்டிருக்கிறார்கள், ஐயா. பெற்ற மகளுக்கு ஞாபகமில்லை. குரல் போனபின் அவர் மேசையை இரண்டு முறை தட்டித்தான் அவளைக் கூப்பிடுவார். இன்றும் யார் மேசையைத் தட்டினாலும் ஓடி வருகிறாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

9. திறவுகோல் தங்கள் சர்வரில் இருக்கிறது என்றும், ஊழியர் கணக்கு மூடப்படுவதால் இம்மாத இறுதியில் அழிக்கப்படும் என்றும், நிறுவன ஆவணங்களும் அதனால் திறக்கும் என்பதால் வெளியாருக்குத் தர இயலாது என்றும் அந்த இரண்டு வரிப் பதிலில் கண்டேன். நியாயம்தான். திறவுகோலை என் கையில் தர வேண்டாம். கணினியைத் துணியில் சுற்றி அப்படியே வைத்திருக்கிறேன், கொண்டுவருகிறேன். தங்கள் ஆட்களே தங்கள் முன்னிலையில் திறக்கட்டும். நிறுவனத்துக்குரியதை அழித்துவிட்டு, மகளுக்குரியதை மட்டும் தாருங்கள். எந்தத் தாளில் கேட்டாலும் கையொப்பமிடுகிறேன். இப்போது நான் வெளியே வரலாம்.

10. அனைத்தும் முடியாதென்றால் 'ருக்சார் கூப்பிடுவது' என்ற அந்த ஒன்றை மட்டுமாவது திறந்து தாருங்கள்.

11. அதுவும் முடியாது, அழித்தே ஆக வேண்டும் என்றால், எந்த நாள், எந்த நேரம் என்று முன்கூட்டியே தெரிவியுங்கள். மகளை அழைத்துக்கொண்டு வருகிறேன். அழிக்கும் முன் ஒரே ஒரு முறை அவளுக்குக் கேட்கச் செய்யுங்கள். பிள்ளைக்கு முகம் காட்டாமல் தகப்பனின் மையித்தை எடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை, ஐயா.

தங்கள் நல்ல பதிலுக்காகத் துஆ செய்து காத்திருக்கும்,

(ஒப்பம்)
இஷ்ரத் பிந்தி ஜெய்னுலாபுதீன்
அத்னானின் மனைவி, ருக்சாரின் தாய்

இடம்: கிள்ளான்
நாள்: 11.10.2024