தையல் மெஷின் நின்ற நேரம்

பெரியம்மா, நடந்ததை நடந்தபடியே எழுதிவிடப் போகிறேன். என்னைப் பற்றித் தப்பாக நினைக்க வைக்கும் இடங்களையும் விடாமல்.

இன்று மதியம் பள்ளி அரங்கில் படம் போட்டார்கள். பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுக் கதை எழுதும் ஒருவரைப் பற்றிய படம். சண்டை இல்லை, யாரும் சத்தம் போட்டு அழவில்லை. எழுத்தாளராக வந்தவர் நடிப்பதாகவே தெரியவில்லை. ஒரு சிறுமி ஏதோ சொல்கிறாள். டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன அவர் கை பாதியில் நின்றுவிடுகிறது. அங்கேதான் எனக்கு உங்கள் தையல் மெஷின் ஞாபகம் வந்தது. அதன் சத்தம் இல்லை, அது நிற்பது.

பள்ளி விட்டதும் அடுத்த தெருவிலிருந்த உங்கள் வீட்டுக்குத்தான் வருவேன். வெட்டிய துணித் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பேன். நீங்கள் மிதித்துக்கொண்டே "ம்" கொட்டுவீர்கள். திடீரென்று கால் நிற்கும். "இன்னொரு தடவ சொல்லு பாப்பா" என்று அளவு நோட்டைத் திருப்பி எழுதிக்கொள்வீர்கள். முன்பக்கம் ரவிக்கை அளவுகள், பின்பக்கம் நான்.

ஏழு வயதில், முந்திரிப் பழம் தன் கொட்டையை வெளியே விட்டிருக்கிறதே, மழையில் நனையுமே என்று அதைப் பழத்துக்குள் வைக்கப் பார்த்தேன். பச்சைக் கொட்டையைக் கடித்துத் திருகியதில் ஓட்டின் எண்ணெய் பட்டு உதடு வெந்தது. மூன்று நாள் கஞ்சிதான். நீங்கள் அதைக் கதையாக எழுதினீர்கள். அது ஒரு சிறுவர் இதழில் வந்தது. நான் ஏழாம் வகுப்பு படிக்கையில் தமிழ் மிஸ் அதை வகுப்பில் வாசித்தார். பெயரை மாற்றியிருந்தீர்கள். மேலுதட்டுத் தழும்பை மாற்றவில்லை. பக்கத்தில் இருந்த கவிதா என் உதட்டையே பார்த்தாள். அன்றிலிருந்து தினமும், "என்னடி, கொட்டைய உள்ள வெச்சிட்டியா? ஒதடு எப்படி இருக்கு?"

நேராக உங்களிடம் வந்தேன். "இனிமே என்னயப் பத்தி ஒரு வரிகூட எழுதாதீங்க. ஒங்களுக்குப் புள்ள இல்லன்னு என்னய ஊருக்குக் காட்டுறீங்க."

இரண்டாவதாகச் சொன்னதை அம்மாவிடம்கூட நான் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.

"ஒன்னயக் கேட்டுருக்கணும் பாப்பா. தப்புதான்" என்றீர்கள். அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் என் கோபம் போய்விட்டது. மறுபடி வந்தேன், பேசினேன். மெஷின் நிற்கவே இல்லை. சில நாள் வழியெல்லாம் யோசித்து வந்து சொல்வேன். "அப்படியா" என்று ஓட்டிக்கொண்டே இருப்பீர்கள். 'எழுதுங்க' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நீங்களாகக் கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன். போன தை மாதம் நெஞ்சுவலி என்று உங்களை அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீங்கள் திரும்பி வரவில்லை.

தைக்காமல் கிடந்த துணிகளை உரியவர்களிடம் கொடுக்க அம்மா உங்கள் அளவு நோட்டைப் புரட்டினார். பின்பக்கங்களில், எழுதாதீங்க என்று கத்திய நாளுக்குப் பிறகு நான் சொன்னவை இருந்தன. நான் வீட்டுக்குப் போனபின் எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது இடம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'பாப்பாவைக் கேட்கணும்'.

படம் முடிந்ததும் கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்மளயும் யாராச்சும் இப்படி எழுதுனா நல்லாருக்கும்ல?" என்றாள்.

"என்னய எழுதுனாங்க. அந்த முந்திரிக் கதை எங்க பெரியம்மா எழுதுனது" என்றேன். முதல்முறையாகச் சொன்னேன்.

"தெரியும்டி. அப்ப எனக்குப் பொறாமையா இருந்துச்சு" என்று பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

படத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அளவு நோட்டு என் பையில்தான் இருக்கிறது. ஒன்பது இடத்திலும் 'எழுதுங்க' என்று எழுதிவிட்டேன். இப்போதும் ஏதாவது நன்றாகச் சொல்லிவிட்டதாகத் தோன்றினால், ஒரு நொடி பேச்சை நிறுத்திக் காது கொடுக்கிறேன், பெரியம்மா.

"பூட்டணும் கண்ணு, மிச்சத்த வூட்ல எழுதிக்க" என்று வாசலிலிருந்து மிஸ் சொல்கிறார். அரங்கின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார்.