கழுவ வைத்திருந்த ஒயின்

யீதியோ துறைமுகம்,
செப்டம்பர் 28, 1996

அன்பு மகள் மிர்ட்டோவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடம்புக்கு நலம். மனசுக்கு எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஸ்டுட்கார்ட்டில் குளிர் ஆரம்பித்திருக்கும், மாப்பிள்ளையைக் கம்பளி போட்டுக்கொள்ளச் சொல். இதையெல்லாம் போனில் பேச முடியாது. டெலிபோன் கூண்டுக்கு வெளியே உன் அப்பா நின்றுகொண்டு கண்ணாடி வழியாக என் வாயையே பார்ப்பார். இப்போது தூண்டிலோடு பாறைக்குப் போயிருக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

முதலில் இந்த வண்டியைப் பற்றிக் கொட்டித் தீர்த்துவிடுகிறேன். உன் ஊர்க்காரன் எவனோ அப்பா தலையில் கட்டிவிட்டுப் போன வண்டி. படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் நாலு அடிக்குள். கக்கூஸுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அது நிறைந்ததும் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்ட வேண்டியது நான். போகிற வழியெல்லாம் அது உள்ளே தளும்பும். திரும்பி வந்து அதே கையால் தக்காளி நறுக்க வேண்டும். எத்தனை சோப்புப் போட்டாலும் எனக்குக் குமட்டுகிறது. பாலாடைக்கட்டியில் மணல், படுக்கையில் மணல், காதுக்குள் மணல். அப்பாவின் ஈர ஜட்டி ஸ்டியரிங்கில் காய்கிறது, நான் அதன் எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்கிறேன்.

காலையில் கடல், வெயில் சாய்ந்தால் இடிபாடு. இதுதான் எங்கள் நாள். எபிதாவ்ரோஸில் உன் அப்பா சட்டையே இல்லாமல் தொப்பையில் உப்புப் பூத்தபடி உள்ளே நுழையப் போனார். காவலாளி தடுத்து, "பெரியவரே, இது சாமி இருந்த இடம், மேல ஏதாச்சும் போட்டுக்கிட்டு வாங்க" என்றான். "உங்க சாமியே துணியில்லாமதானேப்பா நிக்குது" என்றார் இவர். கூட்டம் சிரித்தது. எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

கொரிந்து, மைசீனி, எபிதாவ்ரோஸ், இப்போது யீதியோ. கவனித்தாயா? எல்லாம் தெற்கே தெற்கே. வீடு இருக்கிற ஏதென்ஸ், பிரேயஸ் பக்கம் வண்டி திரும்புவதே இல்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். அக்டோபர் பதினான்கோடு உன் தம்பி ஆர்கிரிஸைப் புதைத்து மூன்று வருஷம் ஆகிறது. கல்லறை ஆபீஸ் காகிதம் ஜூலையிலேயே வந்துவிட்டது. அடுத்தவருக்குக் குழியைக் காலி செய்து கொடுக்க, அன்று காலை ஒன்பது மணிக்குத் தோண்டுவார்கள். வீட்டு ஆள் யாராவது நின்று எலும்பை ஒயினில் கழுவி, பெட்டியில் வைத்து, பெயர் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். யாரும் வராவிட்டால் பொதுக்குழி. அதில் போட்டுவிட்டால் நம் பிள்ளை எது, ஊரார் பிள்ளை எது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் காகிதம் வந்த மறுவாரம்தான் உன் அப்பா இந்த வண்டியை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார்.

போன வாரம் ஒரு சின்ன மியூசியத்துக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் யாரோ ஒரு ஆளின் எலும்புக்கூடு, மேலே நம்பர் அட்டை. ஒரு சிறுமி ஐஸ்கிரீமை நக்கியபடி கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசல் பக்கம் திரும்பிவிட்டேன். அப்பா மட்டும் நகரவே இல்லை. அங்கிருந்த பெண்ணைக் கூப்பிட்டு, "இவர யாரும்மா கழுவினது?" என்று கேட்டார். "கழுவ மாட்டாங்க ஐயா, பிரஷ்ஷால துடைப்பாங்க" என்றாள் அவள். "வீட்டாளுங்க யாரும் வரலையா?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் தண்ணீரில் மல்லாந்து மிதந்துகொண்டே சொன்னார், "பக்கத்து வீட்டு லூகியா புருஷன தோண்டினப்ப உடம்பு கரையாமலே இருந்துச்சுல்ல, திரும்பவும் புதைச்சாங்கல்ல? நம்ம பயலும் முகத்தோட இருந்தான்னா? நீ பாப்பியா? என்னால ஆகாது, எவான்தியா."

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். மத்தியானம் அப்பா ஒரு ஆக்டோபஸ் பிடித்து, பாறையில் அடித்து, அவரே வெங்காயம் போட்டுச் சமைத்தார். என்னை வண்டிப் பக்கம் வரவிடவில்லை. ருசியாகத்தான் இருந்தது. இரண்டு தட்டு தின்றேன், ரொட்டியால் தட்டைத் துடைத்தும் தின்றேன். பிறகுதான் கல்லின் மேல் கவிழ்த்து வைத்திருந்த பாட்டிலைப் பார்த்தேன். மினாஸ் மாமா தோட்டத்து ஒயின். ஆர்கிரிஸ் கடைசியாக மாமாவோடு நின்று திராட்சை மிதித்தானே, அந்த வருஷத்தது. அவனைக் கழுவுவதற்கென்று வெள்ளைத் துண்டில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். அதை முழுசாக ஆக்டோபஸில் ஊற்றிச் சமைத்திருக்கிறார். கேட்டதற்கு, "கடை வரைக்கும் யாரு நடக்கிறது?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வண்டிக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். அவர் செய்த காரியத்துக்காக எடுத்தேன் என்று நினைக்காதே. அந்தக் காலி பாட்டிலைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, மிர்ட்டோ. அப்பாடா, இனிப் போக வேண்டாம் என்று ஒரு நிம்மதி. பெற்றவளுக்கு அப்படி வந்தது. இந்த வண்டியின் நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், என்னைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு மாதமாக அவர்தான் ஓடுகிறார் என்று திட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாளாவது வண்டியைத் திருப்பு என்று நான் சொன்னேனா? சொல்லவே இல்லை.

ஆகவே எங்கள் இருவரையும் நம்பாதே. நீ லீவு போட்டுவிட்டு வா. ஒரு பாட்டில் சிவப்பு ஒயின் கொண்டு வா, எந்த ஊர் ஒயினாக இருந்தாலும் சரி. துண்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கடலைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, பன்னிரண்டாம் தேதி ஏதென்ஸில் இறங்குகிறேன், வந்து கூட்டிப்போங்கள் என்று அப்பாவிடம் சொல். வேறெதுவும் சொல்லாதே. அக்டோபர் ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நானே அவரை இங்கே துறைமுகத்துக் கூண்டுக்குள் தள்ளுகிறேன், அப்போது கூப்பிடு, நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். காத்து நிற்கிற ஆளை ஏற்றாமல் ஒருநாளும் போனதில்லை. உனக்காக நிச்சயம் வண்டியைத் திருப்புவார். அங்கே உன் தம்பியும் நிற்கிறான், மகளே. அவன் கையை யாராவது ஒருவர் பிடிக்க வேண்டும்.

தேவமாதா உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அம்மா,
எவான்தியா