நுகட்டாவுக்கு யாரும் மீன் போடக் கூடாது

ஹோஹோய்
தூசிக்காற்று மாதம்

அன்பு மகன் செலாசிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அந்தப் பனியில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் அடுப்பு மூட்டும்போது என் வேண்டுதல். இங்கே நானும் அப்பாவும் சுகம். தூசிக்காற்றில் அவருக்கு உதடு வெடித்திருக்கிறது, வெண்ணெய் தடவச் சொன்னால் கேட்கிற ஆளா அவர், வெடிக்கட்டும். ஒரு நாய்க்காகவா கடையில் சண்டை போட்டாய் என்று போனில் கேட்டாயே, அப்பா உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறார். மீதியையும் நானே எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய்.

நீ கிளம்பியபோது நுகட்டா எப்படி இருந்தாள், விடியும் முன் நான் மாவு மில்லுக்குப் போனால் எனக்கு முன்னால் ஓடுவாளே. நீ போனபிறகு அவள் நம் கடை பெஞ்சுக்கு அடியிலேயே குடியேறிவிட்டாள். ஸ்டேஷனில் ஆள் ஏற்றும் ட்ரோட்ரோ வண்டி டிரைவர்கள் மதியம் சாப்பிட வருவார்கள், ஆளுக்கு ஒரு உருண்டை அக்பிளே களி, ஒரு மீன் தலை, பனை எண்ணெய் சொட்டும் தோல் என்று கீழே போடுவார்கள். கொழுத்த நாய் கடைக்கு நல்ல விளம்பரம் என்பார் அப்பா. ஒருநாள் நல்ல வெயிலில் சமையல்கட்டுக்குப் பின்னால் விழுந்துவிட்டாள், நாக்கு கறுத்துத் தொங்குகிறது, எழுந்திருக்க முடியவில்லை. தூக்கவும் முடியவில்லை, அவ்வளவு கனம். தள்ளுவண்டியில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அங்கே சித்சோஃபே என்று ஒரு சின்ன வயசு டாக்டர். நாயின் பெயர் கேட்டாள், நுகட்டா என்றேன், ‘ஏன்னா கேக்கறீங்க, சீட்டுல எழுதணும்க்கா’ என்கிறாள். நாய்க்குப் போய் நம் பேச்சில் ‘ஏன்’ என்று அர்த்தம் வரும் பெயரை வைத்த உன் அப்பாவை அப்போது நினைத்துக்கொண்டேன். பிறகு அவள் நுகட்டாவின் விலாவைத் தடவிப் பார்த்தாள், எலும்பு கைக்கே அகப்படவில்லை. ‘வேற நோய் எதுவும் இல்லக்கா, இவ சுமக்கற எடைதான் நோய். மூட்டு தாங்கல, மூச்சு தாங்கல. இப்படியே விட்டா அடுத்த வெயில் காலத்த இவ பாக்க மாட்டா’ என்றாள். ஊசி போடேன் என்றேன். ‘இதுக்கு ஊசி கிடையாது, உங்க அகப்பைதான் மருந்து’ என்று சொல்லிவிட்டாள். ஒரேயடியாகப் பட்டினி போடக் கூடாதாம், காலையும் மாலையும் அளந்து போட வேண்டும், எண்ணெய் கூடாது, வெயில் ஏறுமுன் கொஞ்சம் கொஞ்சமாக நடத்த வேண்டும், வாரம் தவறாமல் எடை பார்க்க வேண்டும்.

மறுநாளே கடையில் சொல்லிவிட்டேன், என் பெஞ்சில் உட்கார்ந்து நாய்க்கு எதையும் போடக் கூடாது, போட்டால் தட்டை எடுத்துவிடுவேன் என்று. எல்லாரும் சிரித்தார்கள். வண்டி ஸ்டேஷன் தலைவர் அக்பேகோ, உனக்குத் தெரியுமே, அந்தப் பெரிய தொண்டைக்காரர், என் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஒரு மீன் தலையைக் கீழே போட்டார். ‘என் மீன், தலைய நாய்க்குப் போடுவேன், வால நானே தின்னுவேன், உனக்கென்ன அப்லா?’ என்றார். நான் அவர் தட்டை எடுத்து அலம்பும் தொட்டியில் கவிழ்த்தேன். அவர் எழுந்தார், அவரோடு டிரைவர்கள் எல்லாரும் எழுந்து எதிர்ப்பக்கத்துச் சோற்றுக்கடைக்குப் போய்விட்டார்கள். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ‘ஒரு நாய்க்காக ஸ்டேஷனையே பகைச்சுக்கிட்டியேடி’ என்றார். சட்டி நிறைய வெண்டைக்காய்ச் சாறு மீந்தது, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன். சொன்ன சொல்லை மட்டும் திரும்ப எடுக்கவில்லை.

மில்லுக்குப் போகும் வழியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன், அவள் எழுந்தால் நானும் எழுவேன். சோளக்கடைத் தராசில் சாக்கைத் தொட்டிலாகக் கட்டி அவளைத் தொங்கவிட்டு நிறுத்தோம், தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. வாரங்கள் போகின்றன, முள் அசையவே இல்லை, எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் துணி துவைக்கும்போது உன் அப்பாவின் சட்டைப் பையில் அக்பிளே பிசுபிசுத்தது. கேட்டதற்கு, ‘அவ பாக்கற பார்வய நீ பாத்ததில்ல’ என்கிறார்! இதை உனக்குச் சொல்லியிருக்க மாட்டாரே. அன்றிலிருந்து காலையில் அவளை நடத்துவது அவர் வேலை என்று கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டேன். முள் இறங்க ஆரம்பித்தது. டிரைவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள், எதிர்க்கடைச் சாறு வெறும் தண்ணியாம். அக்பேகோ மட்டும் வரவில்லை.

போன வாரம் நுகட்டாவைக் காணோம். தேடிக்கொண்டு போனால், ஸ்டேஷன் வரை தானே நடந்து போய் அக்பேகோ முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவர் கையில் பொரித்த மீன். நான் ஒரு வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மனுஷர் மீனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ‘போடி அந்தாண்ட, உங்கம்மா என் தட்டயே பிடுங்கினவ, தெரிஞ்சா என்ன உசுரோட விடுவாளா?’ என்கிறார். பிறகு தன் பாட்டில் தண்ணீரை ஒரு டப்பாவில் ஊற்றி வைத்தார், அவள் குடித்து முடிக்கும்வரை மீனைக் கீழே இறக்கவே இல்லை. மறுநாள் மதியம் நம் கடைக்கு வந்து தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். நான் தட்டில் அக்பிளேயும் மீனும் வைத்தேன். சாப்பிட்டு முடித்து முள்ளையெல்லாம் காகிதத்தில் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இனிமேல்தான் கவனமாக இருக்க வேண்டும் என்கிறாள் டாக்டர், இறங்கின எடை அசந்தால் ஏறிவிடுமாம். நான் அசர மாட்டேன். நீயும் வேலை வேலை என்று பாக்கெட் தீனியில் காலம் தள்ளாதே, ஒரு சட்டி வைத்துச் சமைத்துச் சாப்பிடு. கடவுள் உன் போக்கையும் வரவையும் காக்கட்டும், உன் கை வேலை செழிக்கட்டும். ஈஸ்டருக்கு வரும்போது நாய்க்கு பிஸ்கட் எதுவும் வாங்கி வராதே, மறக்காமல் சின்னதாக ஒரு கழுத்துப்பட்டை வாங்கி வா. பழையது தலை வழியாகக் கழன்று விழுகிறது.

உன் அம்மா,
அப்லா